பருவுக்குக் கருத்தடை மாத்திரை எழுதினால்

சென்ற மாதம் ஒரு மாலை பழைய தோழி ஒருத்தி போன் செய்தாள். அவள் மகளுக்கு 21 வயது, கல்லூரியில் கடைசி ஆண்டு. இரண்டு வருடமாகத் தாடை ஓரத்திலும் கழுத்திலும் பரு. பழுத்து, வலித்து, உடைந்து, கறுப்புத் தடம் வைத்துவிட்டுப் போகும். அது ஆறுவதற்குள் பக்கத்தில் இன்னொன்று கிளம்பும். வேப்பிலை, கடலைமாவு, கற்றாழை எல்லாம் பார்த்துவிட்டுத் தோல் டாக்டரிடம் போயிருக்கிறார்கள். அவர் ஒரு களிம்பும் ஒரு மாத்திரையும் எழுதினார். மருந்துக்கடையில் அட்டையை எடுத்து வைத்த பையன், "இது கருத்தடை மாத்திரைம்மா, யாருக்கு?" என்று சத்தமாகக் கேட்டிருக்கிறான். கடை வாசலில் நாலு பேர். இவள் களிம்பை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிவிட்டாள்.

"கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு இதைக் குடுக்கலாமாடி? நாளைக்கு அவளுக்குக் குழந்தை பாக்கியத்துல ஏதாவது ஆயிட்டா?"

நியாயமான கேள்வி. சீட்டு எழுதிய கையோடு இரண்டு நிமிடம் விளக்கியிருந்தால் அவள் எனக்குப் போன் செய்திருக்கவே மாட்டாள். முதலில் அவள் பயத்துக்குப் பதில்: இந்த மாத்திரையால் மலட்டுத்தன்மை வராது. அமெரிக்காவில் 1960-ல் கருத்தடைக்கென்று அனுமதி பெற்றதிலிருந்து உலகெங்கும் கோடிக்கணக்கான பெண்கள் இதைச் சாப்பிட்டு, நிறுத்தி, பிள்ளை பெற்றிருக்கிறார்கள். நிறுத்திய ஓரிரு மாதங்களில் பெரும்பாலோருக்குக் கருமுட்டை வெளியாவது திரும்பிவிடும். ஓராண்டுக்குள் கருத்தரிப்போர் விகிதமும் மாத்திரையைத் தொடாதவர்களோடு ஏறத்தாழ ஒத்துப்போகிறது.

ஆனால் "பயப்படாதே, வாங்கிக் கொடு" என்று நான் சொல்லிவிடவில்லை. இந்த மாத்திரை யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்பதைக் கல்யாணம் முடிவு செய்யாது. அந்தப் பெண்ணின் ரத்த அழுத்தமும், அவளுக்கு வரும் தலைவலியும், குடும்பத்தில் இருக்கும் நோயும்தான் முடிவு செய்யும். அது விளங்க வேண்டுமானால் பரு எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முகத்தில் உள்ள ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிறு வயதில் அது ஏறக்குறைய உறங்கிக் கிடக்கும். பூப்பெய்தும் வயதை ஒட்டி அதை எழுப்பிவிடுவது ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குடும்பம். டெஸ்டோஸ்டிரோன் அதில் மூத்த பிள்ளை. ஆண் ஹார்மோன் என்று பெயர் வாங்கிவிட்டாலும் பெண் உடலிலும் அது உண்டு. சினைப்பையும், சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியும் அதைச் சுரக்கின்றன. ஆணிடம் இருப்பதில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் பெண்ணின் ரத்தத்தில் இருக்கும். அந்தக் கொஞ்சமே எண்ணெய்ச் சுரப்பிக்குப் போதும். எண்ணெய் கூடுகிறது, துளையின் வாயில் உதிர வேண்டிய தோல் செல்கள் உதிராமல் அடைத்துக்கொள்கின்றன, உள்ளே தேங்கிய எண்ணெயில், எல்லார் தோலிலும் வழக்கமாகக் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா பெருகுகிறது, உடல் அதை எதிர்த்துச் சிவந்து வீங்குகிறது. அதுதான் பரு.

ஹார்மோனுக்கு இதில் எவ்வளவு பங்கு என்பதை முதலில் தெளிவாகக் காட்டியவர் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர். பருவ வயதுக்கு முன்பே விரை நீக்கப்பட்ட ஆண்களுக்குப் பரு வருவதில்லை, அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் வருகிறது என்று 1941-ல் அவர் எழுதினார். இதன் மறுமுனையில் இன்னொரு சாட்சி இருக்கிறது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் நிறையவே இருந்தும், அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி பிறவியிலேயே வேலை செய்யாத சிலர் உண்டு. அவர்களுக்கும் பரு வருவதில்லை. ஹார்மோன் இல்லாவிட்டாலும் பரு இல்லை. ஹார்மோன் இருந்தும் சுரப்பிக்கு அதன் குரல் கேட்காவிட்டாலும் பரு இல்லை.

"பிளட் டெஸ்ட் எல்லாம் நார்மல்னு வந்துடுச்சு, அப்புறம் எப்படி ஹார்மோன் பரு?" என்று கேட்பவர்களுக்கான விடை இங்கேதான் இருக்கிறது. பருவால் அவதிப்படும் பெண்களில் பெரும்பாலோருக்கு ரத்தத்தில் ஆண்ட்ரோஜன் அளவு சரியாகவே இருக்கும். அவர்களுடைய எண்ணெய்ச் சுரப்பிக்குக் காது கூர்மை. மற்றவர்களின் சுரப்பி கண்டுகொள்ளாத அளவுக்கே இவர்களுடையது துள்ளி எழுந்துவிடுகிறது. தவிர, ரத்தத்திலிருந்து வரும் டெஸ்டோஸ்டிரோனைத் தோலே ஒரு நொதியை வைத்து இன்னும் வீரியமான வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. இந்த உள்வேலை ரத்தப் பரிசோதனையில் தெரியாது. ஆகவே ரிப்போர்ட் நார்மலாக வந்தது நல்ல செய்திதான். ஆனால் ஹார்மோன் வழி சிகிச்சை வேலை செய்யாது என்று அதற்குப் பொருள் இல்லை.

தேதி வருவதற்கு முந்தைய வாரத்தில் பரு கிளம்புகிறது என்று பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் சொல்கிறார்கள். அதுவும் பிரமை அல்ல. அந்த நாட்களில் ஈஸ்ட்ரோஜன் இறங்கிவிடுகிறது. ஆண்ட்ரோஜன் அதே அளவுக்கு இறங்குவதில்லை. தராசு சிறிது சாய்கிறது, சுரப்பி உடனே கவனிக்கிறது.

நம் வீடுகளில் இதற்கெல்லாம் ஒரே சொல் "சூடு". உடம்புச் சூட்டைத் தணிக்க இளநீர், எண்ணெய்க் குளியல், வெந்தயம் என்று பாட்டிமார் சொல்வதில் தீங்கு ஒன்றும் இல்லை. அதையே நம்பி மூன்று நான்கு வருடம் கடத்தும்போதுதான் ஆழமான பருக்கள் பள்ளம் விழுந்த தழும்பை விட்டுப் போகின்றன. அந்தப் பள்ளத்தை எந்த மாத்திரையும் பிறகு நிரப்பாது. இன்னொரு வாக்கு, "கல்யாணம் ஆனா சரியாயிடும்". முன்பெல்லாம் இருபதை ஒட்டிக் கல்யாணம் நடந்தது. பலருக்குப் பரு தானாகவே அடங்கத் தொடங்கும் வயதும் அதுதான். இரண்டும் சேர்ந்து வந்ததால் ஒன்று மற்றதன் காரணம்போல் தோன்றியது. முப்பதிலும் நாற்பதிலும் பருவோடு இருக்கும் மணமான பெண்கள் எத்தனையோ பேர்.

இனி மாத்திரைக்கு வருவோம். கருத்தடை மாத்திரை என்று பொதுவாகச் சொல்லும் அட்டையில் பெரும்பாலும் இரண்டு ஹார்மோன்கள் இருக்கும்: ஈஸ்ட்ரோஜன் வகை ஒன்று, புரோஜெஸ்டின் வகை ஒன்று. இதைக் கூட்டு மாத்திரை என்று வைத்துக்கொள்வோம். இது பருவை மூன்று வழியில் தொடுகிறது. மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் கட்டளையைத் தணிப்பதால் சினைப்பை சுரக்கும் ஆண்ட்ரோஜன் குறைகிறது. இது முதல் வழி. இரண்டாவதுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. ரத்தத்தில் போகும் டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துக் கட்டி வைக்கும் புரதம் ஒன்றைக் கல்லீரல் உண்டாக்குகிறது. கட்டுண்ட டெஸ்டோஸ்டிரோன் சுரப்பியை எழுப்பாது. கட்டில்லாமல் திரிவது மட்டுமே எழுப்பும். மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன் கல்லீரலைத் தூண்டி அந்தப் புரதத்தைக் கூட்டிவிடுகிறது. இந்த இரண்டும் சேர்ந்து, கட்டில்லாத டெஸ்டோஸ்டிரோன் சராசரியாகப் பாதிக்கு மேல் குறைந்துவிடுகிறது. மூன்றாவது வழி சில மாத்திரைகளுக்கு மட்டும் உண்டு: சைப்ரோடிரோன், டிரோஸ்பிரினோன் போன்ற புரோஜெஸ்டின்கள் ஆண்ட்ரோஜனின் ஏற்பியிலேயே போய் உட்கார்ந்து வழியை அடைக்கும்.

அப்படியானால் அந்த இரண்டில் ஒன்று உள்ள மாத்திரைதான் சிறந்ததா? விளம்பரங்கள் அப்படித்தான் சொல்லும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2012-ல் 31 ஆய்வுகளை, 12,579 பெண்களின் விவரங்களை, ஒன்றுதிரட்டிப் பார்த்தது. வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்த கூட்டு மாத்திரைகள் எல்லாம் பருவைக் குறைத்திருந்தன. ஒரு கூட்டு மாத்திரைக்கும் இன்னொன்றுக்கும் இடையே இருந்த வித்தியாசமோ சிறியது. நம் அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் மாத்திரையில் இருக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் சிறிது ஆண்ட்ரோஜன் குணம் உள்ளதுதான். ஆனாலும் அதோடு 0.03 மில்லிகிராம் எத்தினைல் எஸ்ட்ராடயால் சேர்ந்திருப்பதால், மொத்தக் கணக்கில் பருவுக்குப் பெரும்பாலும் சாதகமாகவே போகும். (அட்டையின் கடைசியில் இருக்கும் ஏழு மாத்திரைகள் இரும்புச்சத்து, பருவுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.) நானாகப் போய் அதை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று யாரும் இதைப் படிக்க வேண்டாம். விலை கூடினால் பலன் கூடும் என்று நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

பெண்களிடையே ஒரு பெரிய குழப்பம் உண்டு. "எனக்கு மாத்திரையால பரு போச்சு" என்பாள் ஒருத்தி. "எனக்குக் கருத்தடை எடுத்தப்புறம்தான் பருவே வந்தது" என்பாள் இன்னொருத்தி. இருவரும் உண்மையே சொல்கிறார்கள். இருவரும் எடுத்தது ஒரே பொருள் அல்ல. ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் புரோஜெஸ்டின் மட்டும் உள்ள முறைகள் பல இருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி, கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சி, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் ஆகியவை அந்த வகை. 2017 முதல் 'அந்தரா' என்ற பெயரில் அரசுத் திட்டத்தில் வந்த ஊசியும் இதில் சேரும். இவற்றில் கல்லீரலைத் தூண்டும் ஈஸ்ட்ரோஜன் இல்லாததால், சிலருக்குப் பரு கூடும். இல்லாதவருக்குப் புதிதாகவும் வரும். எல்லாருக்கும் வராது. வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 'சாயா' என்ற பெயரில் கிடைக்கும் வாராந்திர மாத்திரை லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டது. அதில் இந்த ஹார்மோன்கள் இரண்டுமே கிடையாது. பருவுக்கான மருந்து என்று அதை நினைத்து எடுக்கக் கூடாது.

காப்பர்-டியின் மேல் விழும் பழி தனி. அதில் ஹார்மோனே இல்லை. கூட்டு மாத்திரையை நிறுத்திவிட்டுக் காப்பர்-டி வைத்துக்கொண்ட பெண்ணுக்கு, இத்தனை நாள் மாத்திரை அடக்கி வைத்திருந்த பரு சில மாதத்தில் தலைதூக்கும். கடைசியாக வந்தது காப்பர்-டி என்பதால் பழி அதற்குப் போய்விடுகிறது.

மாத்திரை தொடங்கியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது காலக்கணக்கை. முதல் மாதம் ஒன்றும் தெரியாது. சிலருக்குக் கூடியதுபோலவும் இருக்கும். மூன்று மாதம் போனால்தான் மாற்றம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும், முழுப் பலனுக்கு ஆறு மாதம் ஆகலாம். வாய்வழி ஆன்டிபயாடிக்கையும் கூட்டு மாத்திரையையும் ஒப்பிட்ட ஆய்வுகளை 2014-ல் தொகுத்துப் பார்த்தபோது, மூன்றாம் மாதத்தில் ஆன்டிபயாடிக் முந்தியிருந்தது. ஆறாம் மாதத்தில் இரண்டும் சமமாக நின்றன. டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், சீட்டைத் திரும்பத் திரும்பக் காட்டி வாங்கிச் சாப்பிடும் பெண்களை எனக்குத் தெரியும். பாக்டீரியாக்கள் மருந்துக்கு அடங்காமல் போகும் ஆபத்தை நினைத்தால் இந்த ஆறு மாதக் கணக்கு சிறிய விஷயமல்ல. இரண்டாவது அட்டை முடிந்ததும் "பலனில்லை" என்று நிறுத்துபவர்கள், பலன் வாசலுக்கு வரும் நேரத்தில் கதவைச் சாத்துகிறார்கள்.

மாத்திரை தனியாகவும் நிற்காது. அடைபட்ட துளையைத் திறக்க அடாபலின் போன்ற களிம்பும், பாக்டீரியாவைக் குறைக்க பென்சாயில் பெராக்சைடும் கூடவே வேண்டியிருக்கும். பரு போன இடத்தில் நம் நிறத் தோலில் மாதக்கணக்கில் நிற்கும் கறுப்புத் தடத்தை மாத்திரை அழிக்காது. புதிதாகத் தடம் விழாமல் தடுக்கும். பழையது ஆற நாள் ஆகும், வெயிலிலிருந்து காப்பும் வேண்டும். வெயில் காப்பைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. கன்னத்திலும் நெற்றியிலும் படரும் மங்கு, ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரையால் சிலருக்குக் கிளம்பும் அல்லது கூடும். அம்மாவுக்குப் பிள்ளைத்தாய்ச்சி நாளில் மங்கு வந்திருந்தால், மகள் அதை டாக்டரிடம் சொல்வது நல்லது. பரு போய் மங்கு வந்தது என்றால் அந்தப் பெண்ணுக்கு அது ஆறுதலே இல்லை.

பருவுக்காக இந்த மாத்திரைகளைக் கொடுப்பது ஒழுங்கற்ற கைவைத்தியமா என்றும் தோழி கேட்டாள். இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1997-ல் ஆர்த்தோ ட்ரை-சைக்ளென் என்ற மாத்திரைக்குப் பருவுக்கான அனுமதி வழங்கியது. 2007-ல் யாஸ் என்ற மாத்திரைக்கு வழங்கியது. அந்த அனுமதியில் ஒரு நிபந்தனை இருக்கிறது: கருத்தடையும் வேண்டும் என்று நினைக்கும் பெண்ணின் பருவுக்கே அது. யாஸைத் தயாரித்த பேயர் நிறுவனம் தொலைக்காட்சியில் அதைப் பெண்களின் எல்லாத் தொல்லைக்கும் மருந்துபோலக் காட்டியபோது அந்த அமைப்பு எச்சரித்தது. 2009-ல் 2 கோடி டாலர் செலவில் திருத்த விளம்பரம் ஒளிபரப்ப நிறுவனம் உடன்பட வேண்டியதாயிற்று. பிரான்சில் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கே டயான்-35 என்ற மாத்திரைக்குப் பருவுக்கு மட்டுமே அனுமதி. ஆனால் பெருமளவு பெண்கள் அதைக் கருத்தடைக்காகவே சாப்பிட்டு வந்தார்கள். 25 ஆண்டுகளில் நான்கு மரணங்கள் அதனால் ஏற்பட்ட ரத்த உறைவோடு தொடர்புடையவை என்று தெரிந்ததும் 2013 தொடக்கத்தில் பிரான்ஸ் அதன் விற்பனையை நிறுத்துவதாக அறிவித்தது. ஐரோப்பிய மருந்து அமைப்பு அதே ஆண்டு ஆராய்ந்து, களிம்பும் ஆன்டிபயாடிக்கும் கைகொடுக்காத மிதமான, கடுமையான பருவுக்கு மட்டும் கொடுக்கலாம், கருத்தடைக்கென்று மட்டும் கொடுக்கக் கூடாது என்று சொன்னது. அந்த மாத்திரை நம் ஊர் மருந்துக்கடையிலும் கிடைக்கிறது; ஆகவே அந்த வரையறை நமக்கும் பொருந்தும்.

ரத்த உறைவு என்றதும் பயம் வரும். எண்ணைச் சொல்லிவிடுவதே நேர்மை. மாத்திரை எடுக்காத, கர்ப்பமும் இல்லாத 10,000 பெண்களில் ஓராண்டில் சுமார் 2 பேருக்கு ரத்தக் குழாயில் ரத்தம் உறையும். லெவோநார்ஜெஸ்ட்ரல் உள்ள கூட்டு மாத்திரை எடுத்தால் அது 5 முதல் 7 பேர். டிரோஸ்பிரினோன் உள்ளது எடுத்தால் 9 முதல் 12 பேர். சைப்ரோடிரோனும் லெவோநார்ஜெஸ்ட்ரலைவிடக் கூடுதல் ஆபத்துள்ள பக்கத்தில்தான் இருக்கிறது. பிரசவமான முதல் சில வாரங்களில் இயல்பாகவே வரும் ஆபத்து இவை எல்லாவற்றையும்விடப் பல மடங்கு பெரியது. ஆரோக்கியமான 21 வயதுப் பெண்ணுக்கு ஆபத்து குறைவு என்பதும் உண்மை; அந்த அபூர்வமான ஒருத்திக்கு அது உயிர்ப் பிரச்சினை என்பதும் உண்மை. ஆபத்து அதிகம் உள்ளது முதல் ஆண்டில். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இதுவரை வராத கடும் தலைவலி, பார்வை மங்கல் இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். போனதும் "நான் ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று முதலில் சொல்ல வேண்டும். வாயு என்று சோடா குடித்துவிட்டுப் படுக்கும் விஷயம் அல்ல இது.

ஆகவே யாருக்கு ஆகாது என்பது கல்யாணத்தைவிடப் பெரிய கேள்வி. ஏற்கெனவே ரத்தம் உறைந்தவர்கள், அம்மா அப்பா அக்கா யாருக்காவது இளம் வயதில் அப்படி ஆனவர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள், 35 வயதைத் தாண்டியும் புகைப்பவர்கள், கல்லீரல் நோயோ மார்பகப் புற்றுநோயோ உள்ளவர்கள், குழந்தை பெற்றுப் பாலூட்டத் தொடங்கியிருப்பவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒற்றைத் தலைவலியைத் தனியாகக் குறிப்பிடுகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் பெண்ணின் தலைவலி ஒரு நோயாகவே கணக்கில் வருவதில்லை. தலைவலி வருமுன் கண்ணில் மின்னல் கோடுகள், வளைந்து நெளியும் ஒளி தெரிகிறது என்றால் அந்தப் பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கூடாது. பக்கவாத ஆபத்து கூடும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்களுக்கும், வலிப்புக்கு கார்பமசெபின், ஃபெனிட்டாயின் சாப்பிடுபவர்களுக்கும் இந்த மாத்திரையின் கருத்தடைப் பலன் குறைந்துவிடும். பருவுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளினால் அப்படிக் குறைவதில்லை.

தொடங்குமுன் ரத்த அழுத்தம் பார்ப்பதும் வரலாறு கேட்பதும் அவசியம். உள்பரிசோதனை அவசியமில்லை. "கல்யாணம் ஆகாத பொண்ணு, உள்ள பார்ப்பாங்களோ" என்ற கூச்சத்தாலேயே மருத்துவரிடம் போகாத குடும்பங்கள் இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "உடம்பு போட்டுடும்" என்ற பயத்துக்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. புற்றுநோயைப் பொறுத்தவரை, சாப்பிடும் காலத்தில் மார்பகப் புற்றுநோய் ஆபத்து சிறிதளவு கூடுகிறது. சினைப்பை, கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்களின் ஆபத்து குறைகிறது.

தாடைப் பருவோடு மாதவிடாய் தள்ளிப்போவதும் சேர்ந்தால் வேறு கதை. 35 நாளுக்கு மேல் இழுப்பது, வருடத்துக்கு எட்டுக்கும் குறைவாக வருவது, மோவாயில் முடி, உச்சந்தலையில் முடி மெலிவது, பின்கழுத்தில் கருமை என்று சேர்ந்து வந்தால் மருத்துவர்கள் பிசிஓஎஸ் என்று சந்தேகிப்பார்கள். நாம் 'நீர்க்கட்டி' என்கிறோம். 1935-ல் சிகாகோவில் ஸ்டெயின், லெவென்தால் என்ற இருவர் ஏழு பெண்களைப் பற்றி எழுதியதிலிருந்து இதற்கு இந்தக் கட்டிப் பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் அவை கட்டிகள் அல்ல; முதிராமல் பாதியில் நின்ற கருமுட்டைப் பைகள். ஸ்கேனில் அவை தெரிந்த ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. வயதுக்கு வந்து எட்டு ஆண்டு ஆகாத பெண்களுக்கு ஸ்கேனை அளவுகோலாகவே கொள்ளக் கூடாது என்பது சர்வதேச வழிகாட்டுதல். பிசிஓஎஸ்ஸில் பலருக்கு இன்சுலின் கூடி நின்று சினைப்பையை ஆண்ட்ரோஜன் சுரக்கத் தூண்டுகிறது, நாம் முன்பு பார்த்த கல்லீரல் புரதத்தையும் குறைத்துவிடுகிறது. கூட்டு மாத்திரை இதற்கும் கொடுப்பார்கள். "மாத்திரை போட்டா மாசாமாசம் வருது, நிறுத்தினா நின்னுடுது" என்று பெண்கள் சலித்துக்கொள்வது இதனால்தான்: மாத்திரை நாட்களில் வருவது, ஹார்மோன் இடைவெளியில் உட்சுவர் உதிரும் போக்கு மட்டுமே. பிரச்சினை குணமானதன் அடையாளம் அல்ல. மாத்திரை கருப்பையைக் காக்கிறது, பருவையும் முடியையும் அடக்குகிறது; எடையையும் சர்க்கரையையும் தனியாகக் கவனிக்கத்தான் வேண்டும். ரத்தத்தில் ஹார்மோன் பார்ப்பதாக இருந்தால் மாத்திரை தொடங்குமுன் பார்த்துவிட வேண்டும், தொடங்கிய பிறகு எண்கள் மாறிவிடும். சில மாதங்களுக்குள் குரல் கரகரத்து, முடி வேகமாக வளர்ந்தால் காத்திருக்கக் கூடாது. அபூர்வமாக ஒரு கட்டியே ஹார்மோனைச் சுரந்துகொண்டிருக்கலாம்.

மாத்திரை ஆகாதவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. ரத்த அழுத்தத்துக்குப் பல காலமாகக் கொடுத்து வரும் ஸ்பைரனோலாக்டோன் ஆண்ட்ரோஜன் ஏற்பியை மறிக்கும். பிரிட்டனில் 410 பெண்களிடம் சோதித்து 2023-ல் வெளியான ஆய்வில், வெற்று மாத்திரையைவிட அது பருவைக் குறைத்தது; 12-ஆம் வாரத்தைவிட 24-ஆம் வாரத்தில் பலன் கூடியிருந்தது. அதைச் சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது. கடும் பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயினில் இந்த எச்சரிக்கை இன்னும் கடுமையானது. கருவை அது ஊனமாக்கும்.

கடைக்காரர் கொடுக்கும் 'சிவப்பழகு' களிம்பை மட்டும் தொட வேண்டாம். அவற்றில் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கும். தடவிய வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு அதனாலேயே பரு வெடிக்கும், தோல் மெலிந்து சிவக்கும். இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் விதி செய்தது. கருத்தடை மாத்திரைக்கு அஞ்சும் அதே வீட்டில் இந்தக் களிம்பு அஞ்சறைப்பெட்டிச் சாமான்போலப் புழங்குவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

தோழியின் மகள் மறுபடி மருத்துவரிடம் போகிறாள். அம்மாவும் கூடப் போகிறாள். அவளிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். மகளோடு போகும் எல்லா அம்மாக்களிடமும் அதையே கேட்கிறேன். தலைவலி எப்படி வருகிறது, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாளா, புகைப்பாளா, கர்ப்பத்துக்கு வாய்ப்பு உண்டா என்று மருத்துவர் கேட்பார். மகளின் பாதுகாப்பு அந்தப் பதில்களில்தான் இருக்கிறது, அவற்றில் சில அம்மா முன்னால் வாயில் வராது. ஐந்து நிமிடம் எழுந்து வெளியே வந்து உட்காருங்கள். பிறகு உள்ளே போய், உங்களுக்கு இருக்கும் சந்தேகம் எல்லாவற்றையும் கேளுங்கள்.